அப்பாவின் தோணிக் கத்தி

நம் வயதுக்காரர்கள் இப்போது கைபேசியில் என்னென்னவோ பார்க்கிறோம். மூட்டு வலிக்கு முடக்கத்தான் தோசை சுடுவது எப்படி, பாபநாசம் அணையில் தண்ணீர் எவ்வளவு, யார் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் வரவில்லை. என் மகனுக்கு வேறொரு கிறுக்கு. எங்கோ ஒரு ஊரில் ஒருத்தன் துருப்பிடித்த பழைய சாமானை எடுத்துவைத்துப் புதுசாக்குவான். இவன் அதைப் பார்த்துக்கொண்டே கிடப்பான். அந்த ஆளின் முகம் தெரியாது, பேச்சு கிடையாது, இரண்டு கை மட்டும்தான். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னையும் கூப்பிட்டுக் காட்டினான். ஒரு மடக்குக் கத்தி. எண்ணெயில் ஊறப்போட்டுத் துருவைச் சுரண்டி, இற்றுப்போன பிடியைக் கழற்றி எறிந்துவிட்டு, மரத்தில் புதுப் பட்டை செதுக்கி இரண்டு பக்கமும் வைத்து அடித்தான். "பாரும்மா, மனசுக்கு எவ்வளவு இதமா இருக்கு" என்றான். நான் எழுந்துபோய், கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரங்களை எடுத்து மறுபடியும் கழுவினேன்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அவனுக்கு எதுவும் தெரியாது. உங்களுக்குச் சொன்னால் புரியும். ஊரில் சாதிக் கலவரம் நடந்த அந்த மழைக்காலத்தில் நீங்களும் ஏதோ ஒரு டவுண் பஸ்ஸில் குனிந்து உட்கார்ந்திருப்பீர்கள். பாலத்தைத் தாண்டியதும் கண்டக்டர் கம்பியில் தட்டி, "தலைய உள்ள இழுங்க, ஷட்டர இறக்குங்க" என்று கத்துவார். பிள்ளைகள் எல்லோரும் சீட்டுக்கு அடியில் மடங்கிக்கொள்வோம். சில நாள் கல் வரும், சில நாள் வராது. இறங்கும்போது உடைந்த கண்ணாடியை மிதிக்காமல் இறங்க வேண்டும். மறுநாள் பள்ளிக்கூடம் உண்டா இல்லையா என்பதைப் பால்காரர்தான் வந்து சொல்வார். எங்களுக்கு அது பழகிப்போனது. விடுமுறை கிடைத்தது என்று சந்தோஷப்பட்டிருக்கிறோம்.

நாங்கள் தச்சநல்லூரில் ஒரு வளவில் குடியிருந்தோம். நடுவில் கிணறு, சுற்றிவர வீடுகள். அதில் வேதக்காரர்கள் என்று சொல்கிற கிறிஸ்தவர்கள் நாங்கள் மட்டும்தான். அப்பாவுக்குத் தூத்துக்குடி. இளவட்டத்தில் பாய்மரத் தோணியில் சரக்கு ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய் வந்தவர். தோணிக்கு எஞ்சின் வைத்தார்கள், ஆட்களைக் குறைத்தார்கள், அப்பா கரையில் நின்றுவிட்டார். கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது என்று அம்மாவையும் கைக்குழந்தையாக இருந்த அண்ணனையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்து, டவுணில் ஒரு கயிற்றுக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். நான் இங்கே பிறந்தவள். கடைக்குள் தேங்காய் நார்க் கயிறும் தார்ப்பாயும் சேர்ந்து ஒரு வாசனை அடிக்கும். அப்பாவின் சட்டையிலும் அதே வாசனைதான். எனக்கு அது பிடிக்கும்.

அப்பா எங்களுக்கு ஓயாமல் ஒரு பாடம் சொல்வார். "நாம பிழைக்க வந்தவங்க. ஆரு பக்கமும் நிக்கப்படாது." அந்த வருஷம் அதை நாளைக்கு ஒரு தடவையாவது சொன்னார். பையன்கள் மணிக்கட்டில் இரண்டு நிறம் சேர்த்துத் திரித்த கயிறு கட்டிக்கொண்டு அலைந்த காலம் அது. எந்த நிறம் யாருடையது என்று எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கும் தெரியும். பஸ்ஸில் ஒருவன் கம்பியைப் பிடிக்கக் கை தூக்கினால் முதலில் எல்லோரும் மணிக்கட்டைப் பார்ப்பார்கள், பிறகுதான் முகத்தை. அண்ணன் கையில் கயிறு கிடையாது. கழுத்தில் மாதா படம் வைத்த உத்தரியக் கயிறு மட்டும் கிடக்கும். அம்மா அதைச் சட்டைக்கு வெளியே எடுத்துப் போட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவாள்.

கத்தி விஷயம் தொடங்கியது ஒரு காயத்தில். கடையில் வடக்கயிறு அறுக்க அப்பா வைத்திருந்தது ரம்பப் பிளேடின் உடைந்த துண்டு. ஒரு முனையில் துணி சுற்றியிருக்கும். அது வழுக்கி உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. கிணற்றடியில் கையைக் கழுவிக்கொண்டே அப்பா, "எந் தோணிக் கத்தி மட்டும் இருந்தா இதெல்லாம் ஒரு வேலையா" என்று சொன்னார். யாரிடமும் சொல்லவில்லை, தண்ணீரிடம் சொன்னார். அண்ணன் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் பிளஸ் ஒன் படித்தான், தொழில் பிரிவு. அப்பாவும் அவனும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். சண்டை ஒன்றும் இல்லை. மீசை முளைத்த மகனிடம் என்ன பேசுவது என்று அப்பாவுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

தகரப் பெட்டிக்கு அடியில், அப்பாவின் பழைய லுங்கிக்குள் அண்ணன் அந்தக் கத்தியைக் கண்டுபிடித்தான். கொழும்பில் வாங்கியது. உப்புக்காற்று தின்று, மடங்கிய நிலையிலேயே இறுகிப்போய்க் கிடந்தது. பிடியின் இரண்டு பக்கமும் இருந்த மரப்பட்டை, தொட்டதும் ரஸ்க் போல உதிர்ந்தது. "கிறிஸ்துமஸுக்கு அப்பாவுக்குக் குடுக்கணும். ஏட்டி, வாயத் தொறந்தே, அடி விழும்" என்று என்னிடம் சொன்னான். நான் வாயைத் திறக்கவில்லை.

பால் பவுடர் டின்னின் மூடியில் மண்ணெண்ணெய் ஊற்றி அதை ஊறப்போட்டான். தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எடுத்து ஆட்டிப் பார்ப்பான், அசையாது. மறுபடியும் ஊறப்போடுவான். ஒரு சாயங்காலம் மழை விட்டிருந்த நேரம், துவைக்கிற கல்லில் உட்கார்ந்து பைய நெம்பினான். கிரீச்சென்று ஒரு சத்தம். பிளேடு பாதி வெளியே வந்தது. அண்ணன் சிரித்த சிரிப்பை இன்றைக்கும் நினைத்துப் பார்க்க முடிகிறது. செங்கல்லைப் பொடித்து, தேங்காய் நாரில் தொட்டுத் தேய்த்தான். பிறகு உப்புத்தாள். பழுப்புத் தண்ணீர் கல்லில் ஓடியது. ஆற்றிலும் அப்போது அதே நிறத்தில்தான் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக இரும்பு வெளுத்தது. முனைக்குக் கீழே சின்னதாக ஒரு மூளி, எதிலோ பட்டுப் பெயர்ந்தது, அது மட்டும் போகவில்லை. மூட்டில் விட எண்ணெய் கேட்டான். என் தலைக்குத் தேய்க்கிற தேங்காயெண்ணெயைக் கொடுத்தேன்.

பிடிக்குப் பட்டை வைப்பதுதான் பெரிய பாடாகிவிட்டது. முதலில் சிரட்டையில் செய்தான். வளைவை நிமிர்த்தப் பார்த்தான், இரண்டாகப் பிளந்தது. கிரிக்கெட் ஸ்டம்பை அறுத்துச் செய்தான், ஆணி இறங்கும்போது நாரோடு விட்டுப்போனது. கடைசியில் பிளாஸ்டிக்குக்கு வந்தான். எங்கள் வீட்டுக் குடம் ஒன்று அடி விட்டுக் கிடந்தது. அதில் ஒரு துண்டை வெட்டி, தோசைக்கல்லைக் காயவைத்து அதன்மேல் வைத்து, இன்னொரு கல்லால் அழுத்தித் தட்டையாக்கினான். வீடு முழுக்கக் கரிந்த நாற்றம். அம்மா மாதா கோயிலிலிருந்து வந்தவள், "தோசக்கல்ல நாசமாக்கிட்டியே, பாவி" என்று விளக்குமாற்றை எடுத்தாள். அண்ணன் கத்தியைக் காட்டினான். அம்மா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒங்கப்பாட்ட சொல்லிராத, அன்னைக்கே பாக்கட்டும்" என்றாள். விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டாள்.

ஒரு பக்கப் பட்டை நன்றாக அமைந்துவிட்டது. பழுக்கக் காய்ச்சிய ஆணியால் துளை போட்டு, இரும்புச் சட்டத்தில் வைத்துப் பார்த்தால் அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது. அடுத்த பட்டையில் துளை போடும்போது விரிசல் விட்டது. மிச்சக் குடத்தைத் தேடினால் காணவில்லை. பழைய பிளாஸ்டிக் எடுக்கிறவரிடம் அம்மா அதைப் போட்டுவிட்டுப் பேரீச்சம்பழம் வாங்கியிருந்தாள். பழத்தை நாங்களும் தின்றிருந்தோம். குளிக்கிற கப் ஒன்று காது உடைந்து கிடந்தது, அதில் இன்னொரு பட்டை செய்தான். அது வேறு நிறம்.

எந்த இரண்டு நிறம் என்று சொல்லமாட்டேன். சொன்னால் நீங்கள் உடனே மனசுக்குள் ஒரு கணக்குப் போடுவீர்கள். நம் ஊர்க்காரர்களை எனக்குத் தெரியும். அந்த இரண்டும் சேர்ந்தால் அது ஒரு பக்கத்துப் பையன்களின் கயிறு. அவ்வளவு போதும். அண்ணனுக்கு அது உறைக்கவில்லை. மணிக்கட்டில் பார்த்திருந்தால் பத்தடி தள்ளி நின்றிருப்பான். கத்தியில் அவன் பார்த்தது குடத்தையும் கப்பையும்தான். "பெறவு நல்ல மரம் கெடச்சா மாத்திக்கிடலாம்" என்று சொன்னதோடு சரி.

செம்புக் கம்பியைத் துளையில் கோர்த்து முனையை வளைத்துவைத்திருந்தான். பட்டை லொடலொடவென்று ஆடியது. கம்பியின் முனையைப் பரத்தி அடித்து இறுக்க இரும்புக் கல்லும் இடுக்கியும் வேண்டும். பள்ளிக்கூடத்து ஒர்க்‌ஷாப்பில் அது இருந்தது. கத்தி என்று தெரிந்துதான், ஒரு துணியில் சுற்றிச் சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு போனான். பள்ளிக்கூட வாசலில் அன்றைக்குப் பையைச் சோதித்தார்கள். முந்தின நாள்தான் பஸ்ஸில் இரண்டு பையன்களுக்கு வெட்டு விழுந்திருந்தது. துணியில் சுற்றியிருந்ததே அவனுக்கு எதிராகப் போயிற்று. நல்ல எண்ணத்தில் கொண்டு வருகிறவன் எதற்காக ஒளித்துக் கொண்டுவருகிறான் என்று கேட்டார்களாம்.

என் பள்ளிக்கூடத்துக்கு அன்றைக்கு விடுமுறை. நான் அப்பாவின் கடையில் கயிற்றுச் சுருள் மேல் உட்கார்ந்திருந்தேன். பியூன் சைக்கிளில் வந்து, "அண்ணாச்சி, பெரிய சார் கையோட கூட்டிட்டு வரச் சொன்னாரு" என்றார். அப்பா என்னையும் சைக்கிள் பின்னால் ஏற்றிக்கொண்டு போனார். வழியெல்லாம் "என்னத்தச் செஞ்சு தொலைச்சான்" என்று முனகிக்கொண்டே மிதித்தார்.

தலைமையாசிரியர் அறையில் ஒரு ஏட்டு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த நாட்களில் பள்ளிக்கூடத்துக்கு போலீஸ் காவல் போட்டிருந்தார்கள். அண்ணன் சுவரோரமாக நின்றான். மேஜை மேல் கத்தி. தலைமையாசிரியர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். அப்பாவை உட்காரச் சொன்னார்.

"இவன் இது ஒங்க கத்திங்குதான். தோணியில வேல பாக்கும்போது வாங்கினது, பரிசா குடுக்கதுக்குச் சரிபண்ணுதேன்னு சொல்லுதான். ஒங்களுதுன்னா சொல்லிருங்க. மேசைக்குள்ள வச்சுப் பூட்டிக்கிடுதேன். பையன கொஞ்ச நாள் வீட்ல வச்சிருங்க. அதோட முடிஞ்சிது."

"நல்லாப் பாத்துச் சொல்லும்வே" என்றார் ஏட்டு. "நெறத்தையும் பாத்துக்கிடும்."

அப்பா கத்தியை எடுத்தார். முதலில் பட்டைகளைப் பார்த்தார். ஒரு பக்கம் பார்த்து, திருப்பி மறுபக்கம் பார்த்தார். முகத்தில் ரத்தம் வற்றிப்போனது. பிறகு அவர் கட்டைவிரல் தானாகப் பிளேடின் ஓரத்தில் நகம் கோர்க்கிற பள்ளத்துக்குப் போனது. ஒரே இழுப்பு. கத்தி விரிந்தது. அண்ணன் அதைத் திறக்க இரண்டு கையாலும் மல்லுக்கட்டுவான். அப்பா காயக்கட்டுப் போட்ட கையால் பார்க்காமலே திறந்தார். முனைக்குக் கீழே அந்த மூளியில் விரல் நின்றது. நான் பார்த்தேன், அண்ணனும் பார்த்தான். கத்தியை மடக்கி, மேஜையில் வைத்து, தலைமையாசிரியர் பக்கமாகத் தள்ளினார்.

"இது எங்க வீட்டுக் கத்தி இல்ல சார்."

"நம்ம கத்திதாம்ப்பா" என்றேன் நான். "அண்ணன்தான் பட்ட வச்சான். நம்ம கொடந்தாம்ப்பா அது."

அப்பா என் கையைப் பிடித்தார். எலும்பு நொறுங்குகிற பிடி. "சின்னப்பிள்ள சார். அண்ணன் மேல உசுரு. அதான் வாய்க்கு வந்தத சொல்லுதா" என்றார். தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார்.

"ஒங்கப்பா இல்லங்குதாரு. நீ என்னலே சொல்லுதே?"

அண்ணன் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும் சார்" என்றான் அண்ணன்.

நம் வீடுகளில் நம்மை எப்படி வளர்த்தார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்குள் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். வெளியாள் முன்னால் அப்பா ஒன்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சு இல்லை. அவரைப் பொய்க்காரர் ஆக்கிவிட்டு நாம் தப்பித்துக்கொள்வது பிள்ளைக்கு அழகில்லை. அண்ணன் அதைத்தான் செய்தான். படித்த பாடத்தை ஒப்பித்தான். இன்றைய பிள்ளைகள் செய்யமாட்டார்கள். அதற்காக அவர்களை நான் ஒரு நாளும் குறை சொல்லமாட்டேன்.

அண்ணனை ஏட்டு ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நாங்கள் திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. அப்பா சைக்கிளை ஒரு கடை ஓரமாக நிறுத்தி, என் கன்னத்தில் ஓர் அறை விட்டார். அதுவரை என்னை அடித்ததில்லை. அடித்துவிட்டு அவரே பேசிக்கொண்டார். "கத்தி நம்முதுன்னு சொன்னா என்ன ஆகும் தெரியுமா? நாமளும் அந்தப் பக்கம்னு ஆயிரும். நாளைக்கு மத்தவனுக வீடு தேடி வருவானுக. வளவுல குடியிருக்க முடியுமா? இப்பம்னா ரெண்டு அடி அடிச்சிட்டு விட்டுருவாங்க. சின்னப்பயதான." அவர் கணக்கு அதுதான். அவருக்குக் கடலில் காற்று பார்க்கத் தெரியும். இந்த ஊரில் எங்கிருந்து எது வரும் என்று கடைசிவரை தெரியவில்லை. நிறத்தைப் பார்த்த அந்த நிமிஷம், மகன் நிஜமாகவே அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டான் என்றே நினைத்திருப்பார் என்றும் எனக்கு ஒரு எண்ணம் உண்டு. கேட்டதில்லை.

ஸ்டேஷனில் என்ன நடந்தது என்பதை அண்ணன் எனக்குச் சொன்னது ரொம்ப வருஷம் கழித்து. அவர்கள் கேட்டது ஒரே கேள்வி. "ஒங்கப்பன் இல்லன்னுட்டான். அப்பம் ஆருலே குடுத்தா?" அவனிடம் சொல்ல ஒரு பெயர் இல்லை. கொடுத்தவர் யாரும் இல்லையே. இல்லை என்று சொல்லச் சொல்ல அடி விழுந்தது. உள்ளங்காலில் அடித்தார்கள். தாங்க முடியாத ஒரு நேரத்தில், அந்த இரண்டு நிறக் கயிறு கட்டிய ஒரு பையனின் பெயரைச் சொல்லிவிட்டான். வகுப்பில் இவனோடு ஒரே பெஞ்சில் இருக்கிறவன். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிராமம். ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில் அவன் அம்மா கட்டிவிட்ட கயிறு அது. அவித்த சீனிக்கிழங்கைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து இவனுக்குக் கொடுப்பான். எனக்கும் ஒன்று அண்ணன் பைக்குள் வரும். அவனை அன்றைக்குச் சாயங்காலமே வயலிலிருந்து தூக்கினார்கள்.

அப்பா அந்தச் செய்தியோடு வீட்டுக்கு வந்தார். முகம் தெளிந்திருந்தது. "பாத்தியா? இவன்கூட படிக்க பய ஒருத்தன் குடுத்திருக்கான். நான் சொன்னதுதான் சரியாப் போச்சு. நாளைக்கி நம்ம பிள்ளைய விட்டுருவாங்க."

அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தாள். "அது ஒங்க கத்தில்லா" என்றாள்.

"அவன் வாயாலயே சொல்லிட்டாம்லா" என்றார் அப்பா.

இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருவது முதல் பொய்யை நினைத்து இல்லை. பயத்தில் யாரும் எதையும் சொல்லிவிடலாம். மகனை அடித்து வாங்கிய பெயரைப் பிடித்துக்கொண்டு, தான் சொன்னது உண்மையாகிவிட்டது என்று அவரால் அன்றைக்குச் சோறு தின்ன முடிந்தது பாருங்கள், அதுதான் எனக்கு ஆறவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு முழந்தாளிட்டு செபமாலையும் சொன்னார். நாங்களும் பின்னால் இருந்து சொன்னோம்.

மறுநாள் அந்தப் பையனின் அம்மா வளவுக்கு வந்தாள். உரச் சாக்கைக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு கொட்டுகிற மழையில் வந்து வாசலில் நின்றாள். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டி வாசல்படியில் ஓடியது.

"அண்ணாச்சி, எம்மவன் ஆடு அறுக்கதக்கூட பாக்கமாட்டான். அவனுக்கு ஏது கத்தி? ஒங்க பிள்ளைட்ட ஒரு வார்த்த கேளுங்க. பொய் சொல்ற பிள்ள இல்லன்னு எம்மவன் சொல்லுவான். ஏதோ பயத்துல சொல்லியிருக்கும். நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னா விட்டுருவாங்க, அண்ணாச்சி."

"அது போலீஸ் கேஸும்மா. அதுல நான் என்ன செய்ய?" என்றார் அப்பா.

அம்மா அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். வாயைத் திறந்தாள். அப்பா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அம்மா உள்ளே போய் ஒரு தம்ளர் காப்பி கொண்டுவந்து அந்த அம்மாளிடம் நீட்டினாள். அவள் வாங்கவில்லை. அம்மா அதைப் படியில் வைத்தாள். மழைத் தண்ணீர் விழுந்து தம்ளர் நிறைந்தது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அவள் போய்விட்டாள். கிணற்றடியில் பெண்கள் எல்லோரும் குடத்தை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் திரும்பி வந்தான். கொஞ்ச நாள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தான். அப்பா அவன் காலுக்குத் தவிட்டு ஒத்தடம் கொடுத்தார். நிஜமாகத்தான் கொடுத்தார், கண்ணீர் விட்டுக்கொண்டே. இவன் காலை நீட்டிக்கொண்டு எங்கோ பார்த்துக்கொண்டிருப்பான். பள்ளிக்கூடத்தில் மறுபடி சேர்க்கவில்லை. தூத்துக்குடியில் மாமா ஒருவர் ஐஸ் கம்பெனியில் இருந்தார், அவரிடம் அனுப்பிவிட்டார்கள். அந்த வருஷம் எங்களுக்குக் கிறிஸ்துமஸ் இல்லை. கத்தி எங்கே போனதோ தெரியாது. ஏதோ ஒரு சாக்கு மூட்டையில் மறுபடியும் துருப்பிடித்திருக்கும்.

அந்தப் பையனைச் சீக்கிரம் விடவில்லை. அவன் மணிக்கட்டில் இருந்தது நிஜக் கயிறு. விட்ட பிறகும் எங்கே என்ன நடந்தாலும் முதலில் அவன் வீட்டுக் கதவைத்தான் தட்டினார்கள். கத்தி கொடுத்தவன் என்று பெயர் விழுந்துவிட்டது. அந்தப் பெயர் பிடித்துப்போய் அவன் பக்கத்து ஆட்கள் அவனைத் தேடி வந்தார்கள். அதே பெயரைக் கேட்டு எதிர்ப்பக்கத்து ஆட்களும் ஒரு நாள் தேடி வந்தார்கள். வாய்க்கால் பாலத்தில் வெட்டிப் போட்டார்கள். மீசைகூட அவனுக்கு ஒழுங்காக வரவில்லை. ஐஸ் கம்பெனியில் பேப்பரில் அதைப் படித்துவிட்டு அண்ணன் வேலையைப் போட்டது போட்டபடி ஊருக்கு வந்தான். வீட்டுக்குள் வரவில்லை, கிணற்றடியிலேயே உட்கார்ந்திருந்தான்.

என் கல்யாணத்தின்போது ஒரு தடவை அண்ணன் அப்பாவிடம் வாய்விட்டுக் கேட்டான். பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். "அப்பா, அந்த அம்மாகிட்ட போயி கத்தி ஒங்களுதுன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்." அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சொன்னா செத்தவன் வந்துருவானா?" என்றார். அண்ணன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. துறைமுகத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தான், மாதா மாதம் அப்பாவுக்கு மருந்து வாங்கிக்கொண்டு வந்தான், உள்ளே உட்காராமல் திரும்பினான்.

"அவரு போகாட்டா போறாரு. நீயே போயி சொல்லிட்டா என்ன?" என்று நான் அவனிடம் சண்டை போட்டிருக்கிறேன்.

"அப்பா இருக்கும்போது எப்படிட்டி சொல்ல?" என்பான். "அவரு பொய் சொன்னாருன்னுல்லா ஆயிரும்."

அம்மா முதலில் போய்ச் சேர்ந்தாள். அப்பா போன வருஷம்தான் போனார். படுக்கையில் அதிகம் கிடக்கவில்லை. பங்குச் சாமியார் வந்து, பாவங்களைச் சொல்லவைத்துப் பாவசங்கீர்த்தனம் கேட்டு, எண்ணெய் பூசினார். அப்போது எங்களை வெளியே நிற்கச் சொன்னார்கள். கதவு சாத்தியிருந்தது. அதற்குள் அப்பா சொன்னாரா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. சொல்லியிருந்தாலும் அது சேர வேண்டிய இடம் அது இல்லை. நல்ல மனிதர் என்று கல்லறையில் எல்லோரும் சொன்னார்கள். நல்ல மனிதர்தான். எனக்கு அவர் மேல் பாசம் உண்டு. மன்னிக்க மட்டும் வரவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் அண்ணன், "வாறியாட்டி?" என்று கேட்டான். எங்கே என்று நான் கேட்கவில்லை. ஆற்றைத் தாண்டி அந்தக் கிராமத்துக்குப் போனோம். விசாரித்ததும் வீட்டைக் காட்டினார்கள். அந்த அம்மா வாசலில் சுளவை வைத்துக்கொண்டு உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பார்வை மங்கியிருக்க வேண்டும், விரலால் தடவித் தடவித்தான் பொறுக்கினாள். அண்ணன் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தான். அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. தான் யார் என்று சொன்னான். அவள் விரல் நின்றது.

"அந்தக் கத்தி எங்கப்பாவுது, அம்மா. ஒங்க மகன் குடுக்கல. அவன் அதப் பாத்தது கூட இல்ல. எங்கப்பா தன்னோடது இல்லன்னுட்டாரு. நான் அடி தாங்காம அவன் பேரச் சொல்லிட்டேன்." அவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். வீட்டில் பல வருஷம் சொல்லிப் பார்த்திருப்பான் போலிருக்கிறது.

அவள் அழவில்லை. சுளவைக் கீழே வைத்தாள். முகத்தைக் கிட்டே கொண்டுவந்து அவனை உற்றுப் பார்த்தாள்.

"ஒங்கப்பன் இருக்கானா?"

"இல்லம்மா. போன மாசம் தவறிட்டாரு."

"இதச் சொல்லதுக்கு ஒனக்கு ஒங்கப்பன் சாகணுமாலே?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றான் அண்ணன்.